எல் பாலோ வேறு, மாலகா வேறு

எல் பாலோக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதினோராம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரத்தின் நடுவே இறங்கிவிடலாம். ஆனாலும் எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்டால், "மாலகாவுக்கு" என்போம், ஏதோ மூன்று மலை தாண்டிப் போவதுபோல. நகராட்சிக் கணக்கில் எல் பாலோவும் மாலகாவின் ஒரு பேட்டைதான். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கடற்கரை வேறு, மாலகா வேறு. இந்த விஷயத்தில் எங்களோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

அம்பாரோ வில்லோத்ரெஸ் இதைப் பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லி வந்தவள். அவள் போய் அப்படி ஒரு தப்பைச் செய்தாளே என்பதைத்தான் இன்னமும் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் சமையல்காரி. பருப்புக் குழம்பு கொதிக்கிற அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிற கை, அந்தக் கைக்கு ஏற்ற குரல். அவள் அப்பா காலத்தில் இந்தக் கரையில் கரைவலை இழுத்த நீளப் படகுகள் இருந்தன. இப்போது வலை போய்விட்டது, படகு மட்டும் நிற்கிறது. கோடை வந்தால் கரைக்குக் கரை பந்தயம். எங்கள் பெண்கள் குழுவின் படகுக்கு நெத்திலிக்காரி என்று பெயர். மூக்கின் இரண்டு பக்கமும் பெரிய கண் வரைந்திருக்கும். ஏழு பேர் துடுப்பு வலிப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது பின்பக்கம் பார்த்து. எதிரே என்ன வருகிறது என்று பார்க்கக் கூடியவள் ஒருத்திதான், கடைசியில் நின்று சுக்கான் துடுப்பைப் பிடித்து ஏவுகிறவள். பல கோடைகளாக அது அம்பாரோ. அவளுக்கு முன்னால், வலைக்காலத்தில், அவள் அப்பா.

கார்மன் மாதா திருநாளில் மாதாவைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறக்குவார்கள். மாதா ஏறிய படகுக்குப் பக்கத்தில் துணையாக நெத்திலிக்காரி போகும். அந்த நாளில் சுக்கான் பிடிப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. மேயரைத் தெரியாதவர்கள் இருப்பார்கள், சுக்கான் பிடிப்பவளைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

காற்று விஷயத்தில் அம்பாரோ வைத்ததுதான் சட்டம். விடிந்ததும் கரைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தண்ணீரில் வைப்பாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கொண்டல். கடலிலிருந்து ஈரக்காற்று வரும், வெயில் அடங்கிக் கிடக்கும். தண்ணீர் சுரீரென்று குளிர்ந்தால் தெர்ரால் வருகிறது என்று அர்த்தம். தெர்ரால் மலைக்குப் பின்னாலிருந்து நிலத்தின் மேல் தவழ்ந்து வருகிற அனல்காற்று. அது வீசினால் ஊர் கொதிக்கும், கடல் மட்டும் குளிரும். எங்கள் பெண்கள் துணி துவைப்பதா, வீட்டு ஜன்னலை அடைப்பதா என்று அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

இந்த நிலையில்தான் கைபேசிச் சந்தை எங்கள் படகுக் கொட்டகைக்குள் நுழைந்தது. கொண்டுவந்தவள் லோரேத்தோ. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, படகில் கடைசித் துடுப்பு. அதாவது அம்பாரோவுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் பார்த்து உட்காருகிறவள். சந்தை என்னவென்றால், அன்றன்றைக்கு மாலகாவில் வெயில் உச்சமாக எத்தனை டிகிரி ஏறும் என்பதுதான் சரக்கு. தக்காளிக்கு இருப்பதுபோல, இத்தனை டிகிரியைத் தாண்டும், தாண்டாது என்பதற்கெல்லாம் ஒவ்வொரு விலை. நீ வாங்கியது பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் போட்டது போச்சு. நடுவில் பயம் வந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வெளியே வரலாம்.

முதலில் விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தார்கள். அம்பாரோ காலை நனைத்துச் சொன்னாள், சில தடவை பலித்தது. லண்டனிலும் சிகாகோவிலும் உட்கார்ந்திருக்கிறவன் கம்ப்யூட்டரைப் பார்த்து வாங்குகிறான், நம்ம அம்பாரோ கடலையே பார்க்கிறாளே என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. புதுத் துடுப்புகளுக்காக மத்தி மீன் சுட்டு விற்றுச் சேர்த்த நிதியில் பெரும்பகுதியை ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவள் வாக்கை நம்பித் தூக்கிப் போட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் எல் பாலோவில் தாரோ இறங்கியிருந்தது. தாரோ எங்கள் கடல்பனி. படகின் மூக்கில் வரைந்த கண்கூடத் தெரியவில்லை. அம்பாரோ காலை வைத்தாள், தண்ணீர் குளிக்கிற சூடு. முப்பதைத் தாண்டாது என்றாள். மதியம் வரை நாங்கள் மேலுக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பனிக்குள்தான் நடமாடினோம். அந்த நேரத்தில் கைபேசியில் மாலகா முப்பத்தாறு காட்டியது. கைபேசி கெட்டுப்போச்சு என்று முதலில் சிரித்தார்கள். பிறகுதான் ஒருத்தி சந்தையின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த விதியைச் சத்தமாகப் படித்தாள். அளவு எடுப்பது விமான நிலையத்தில், ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிற்கிற வெப்பமானியில்.

விமான நிலையம் எங்கே இருக்கிறது? நகரத்துக்கு அந்தப் பக்கம், குவாதலோர்சே ஆறு மலைக்கு நடுவே பள்ளம் பறித்துக்கொண்டு கடலுக்கு வருகிற வாயில். நாங்கள் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பள்ளத்தின் வழியாகத் தெர்ரால் இறங்கி வெப்பமானியை வறுத்திருக்கிறது. பஸ் ஏறும்போதெல்லாம் மாலகா வேறு என்றவள், பணம் போடுகிற நாளில் மட்டும் எல் பாலோ தண்ணீரைத் தொட்டுவிட்டு மாலகாவுக்கு வாக்குச் சொல்லிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் சிரித்தது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துடுப்புகளுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி எல்லோரும் குனிந்திருந்தார்கள். லோரேத்தோதான் நிமிர்ந்தாள். பணம் போனது போகட்டும், அதை அவள் பேசவில்லை.

"நாங்க ஏழு பேரும் கண்ண மூடிக்கிட்டு வலிக்கிறோம், ஒன் கண்ண நம்பி. காத்து தெரியாதவ கையில சுக்கான் எதுக்கு?"

திட்டியிருந்தால் அம்பாரோ திருப்பித் திட்டியிருப்பாள், அவளுக்கு வாய் பஞ்சமா? ஆனால் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் சுட்டது. அண்டாக் கரி படிந்த தன் கைகளைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"கார்மன் திருநாளுக்குள்ள ஒரே ஒரு நாள் சொல்றேன். என்னிக்குன்னு நான் சொல்லுவேன். மிச்சம் இருக்கிற நிதிய அதுல போடுங்க. தப்பினா மாதாவுக்குத் துணையா போறப்ப சுக்கான் ஒன் கையில. அதுக்கப்புறமும் ஒன் கையிலதான்."

லோரேத்தோ சரி என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சொன்ன சொல் காற்றோடு போக எங்கள் ஊரில் இடமில்லை. மறுநாள் காலையில் ரொட்டிக்கடை வரிசையில் அதுதான் பேச்சு.

புருஷன் எலோய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் வாயில் சனி. பந்தயத்தை வாபஸ் வாங்கச் சொல்லிப் பார்த்தான். முன் வைத்த காலைப் பின் வைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை என்பது தெரிந்ததும், "அந்தக் காலைத்தான தண்ணியில வச்சு மாட்டிக்கிட்ட" என்றான். அன்று இரவு அவன் தன் முட்டையைத் தானே பொரித்துச் சாப்பிட்டான்.

பள்ளிக்கூடம் கோடைக்கு மூடியிருந்ததால் அவளுக்குப் பகல் முழுதும் கையில் இருந்தது. விடிகாலையில் பஸ், பிறகு ரயில். விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி தள்ளிக்கொண்டு போகிற ஜெர்மன்காரர்களுக்கு எதிர்த்திசையில் நடந்து, வேலிக்கு வெளியே நாணல் புதர் பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்த ரொட்டி, ஒரு பை சூரியகாந்தி விதை, தண்ணீர். தலையில் கயிறு கட்டிய ஓலைத் தொப்பி.

மூன்றாவதோ நான்காவதோ நாள் காவல்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான்.

"என்னம்மா பண்றீங்க இங்க?"

"காத்து பாக்கறேன்."

"அத வீட்லேருந்து பாக்க முடியாதா?"

"முடியும்னுதான் நெனச்சேன். அதனாலதான் இங்க வந்து உக்காந்துருக்கேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடையில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

முதல் நாட்களில் அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மனதுக்குள் ஒரு டிகிரி சொல்லிப் பார்ப்பாள், கைபேசி வேறு டிகிரி காட்டும். காலையில் எல் பாலோவில் சரியாக இருக்கிற கணக்கு இங்கே மதியத்துக்குள் தலைகீழாகிவிடும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரு நாள் ரயிலில் திரும்பும்போது, அவ்வளவுதான், லோரேத்தோவிடமே துடுப்பைக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுநாளைக்குக் கிழங்கு நறுக்க உட்கார்ந்தாள்.

பிடிபட்டது விமானத்தால்தான். அன்று காலையிலிருந்து விமானங்கள் கடல் பக்கமாக வந்து அவள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தன. மதியம் திடீரென்று ஒன்றும் வரவில்லை. வானம் சும்மா கிடந்தது. பிறகு அடுத்த விமானம் வந்தது எதிர்ப்பக்கமாக, மலைப் பள்ளத்திலிருந்து. ஏறுகிற விமானங்கள் கடலைப் பார்த்து ஏற ஆரம்பித்தன. பைலட்டுகளுக்குப் பைத்தியமா என்று நினைத்தவளின் முகத்தில் தொப்பிக் கயிறு வந்து அடித்தது. காலையிலிருந்து அது கடலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்த கயிறு, இப்போது மலையைப் பார்த்து ஆடியது. கைபேசியில் டிகிரி சரசரவென்று இறங்கியது.

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். விமானமும் படகு மாதிரிதான், காற்றுக்கு மூக்கைக் கொடுத்துத்தான் கரை பிடிக்கும். தெர்ரால் என்றால் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். கடல்காற்று என்றால் மலைப் பக்கமிருந்து வரும். பிறந்ததிலிருந்து எல் பாலோ கரையில் நின்று விரிகுடாவுக்கு மேலே இந்த விமானங்களைப் பார்க்கிறாள். சில நாள் தாழ்ந்து வரும், சில நாள் ஏறிப் போகும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கணக்கு மெல்ல மெல்ல வசப்பட்டது. அந்த இடம் ஒரு வாசல். உள்ளேயிருந்து தெர்ரால் தள்ளும், வெளியேயிருந்து கடல்காற்று தள்ளும். கொண்டல் பலமாக இருக்கிற நாளில் கதவு சாத்தியே கிடக்கும், டிகிரி ஏறாது. தெர்ரால் முழு மூச்சில் வருகிற நாளைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், எல்லோரும் வாங்குவதால் அந்த நாளில் லாபமும் கிடையாது. ஆட்களைக் கவிழ்ப்பது இரண்டுங்கெட்டான் நாட்கள்தான். மதியம் கடல்காற்று தெர்ராலைப் பள்ளத்துக்குள் திருப்பித் தள்ளிவிடும், எல்லோரும் முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மீஹாஸ் மலை, மரம் மரமாக எண்ணிவிடலாம் போலக் கிட்டே வந்து நின்றால் முடியவில்லை என்று பொருள். மேலே காற்று காய்ந்து கிடக்கிறது. சாயங்காலம் கடல்காற்று களைத்ததும் பள்ளம் அனலைக் கவிழ்த்துக் கொட்டும். உச்ச டிகிரிக்கு ஒரு கால் மணி நேரம் கிடைத்தால் போதும்.

நாட்கள் ஓடின. கொட்டகையில் லோரேத்தோ, சொல்லப்போவது இந்த வருஷத்துக் கார்மனுக்குள்ளா, அடுத்த வருஷத்துக் கார்மனுக்குள்ளா என்று கேட்டாள். அம்பாரோவுக்கு உள்ளுக்குள் பயம்தான். மாதாவின் திருநாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள், சாயங்காலம் எங்கள் கரையில் பந்தயம். அன்று காலையில் அவள் வேலிப் பக்கம் போய், மீஹாஸ் மலை கிட்டே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வேகுவேகென்று திரும்பினாள். கொட்டகை வாசலில் நின்று, "இன்னிக்குத்தான். முப்பத்தெட்டத் தாண்டும்" என்றாள். மிச்ச நிதியை அதில் போட்டார்கள்.

மதியம் கடல்காற்று புகுந்தது. விமான நிலையத்தில் முப்பத்து மூன்று இருந்தது இருபத்தொன்பதாக இறங்கியது. மூன்று மணிக்கும் அதேதான். ஐந்து மணிக்கு முப்பது. முப்பத்தெட்டைத் தாண்டும் என்பதற்குச் சந்தையில் விலை செத்துக்கொண்டிருந்தது, அதைச் சீண்டுகிறவனும் குறைந்துகொண்டே வந்தான். இப்போது தள்ளிவிட்டால் ஒன்றிரண்டு துடுப்புக்காவது தேறும் என்று பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளிடம் வந்து கெஞ்சினார்கள். எலோய்கூட, இந்தத் தடவை கிண்டல் இல்லாமல், போதும் அம்பாரோ, ஒருத்தரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றான்.

"நெனைப்பாங்க" என்றாள் அவள். "நானே நெனைப்பேன். வேண்டாம், விக்காதீங்க."

லோரேத்தோ தன் கைபேசியை எல்லோருடைய செருப்போடும் வாளிக்குள் போட்டுவிட்டுப் படகில் ஏறினாள். தண்ணீருக்குப் போகும்போது முப்பத்தொன்று.

பந்தயம் மேற்கே பக்கத்துக் கரையான பெத்ரேகலேகோ பக்கம் போய், மிதவையைச் சுற்றித் திரும்பி வருவது. நெத்திலிக்காரி மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு பேரும் கிழக்கே பார்த்து வலிக்கிறார்கள். அம்பாரோ மட்டும் மேற்கே பார்த்து நிற்கிறாள். தூரத்தில் துறைமுகம், அதற்கும் அப்பால் மங்கலாக விமான நிலையத்துக் கரை. ஒரு விமானம் கடலைப் பார்த்து ஏறியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. இன்னமும் கடல்காற்றுதான். அப்புறம் ஒன்றும் ஏறவில்லை. வானம் சும்மா கிடந்தது. வேலிப் பக்கம் அன்றைக்குப் பார்த்த அதே சும்மா.

மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் விரிகுடாவுக்கு மேலே ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு தாழ்ந்து வந்தது. மூக்கு மலையைப் பார்த்து. அதன் பின்னாலேயே இன்னொன்று.

எதிரே உட்கார்ந்திருந்த லோரேத்தோ அம்பாரோவின் முகம் மாறியதைப் பார்த்தாள். என்ன என்று கண்ணால் கேட்டாள். மிதவையைச் சுற்றியதும் அம்பாரோ சுக்கானை அழுத்திப் படகைக் கரையோரமாகத் திருப்பினாள். மற்ற படகுகள் எல்லாம் வெளியே நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தன.

"கரைக்கு எதுக்குடி போற? தூரம் அதிகம்" என்றாள் லோரேத்தோ.

"பெரிய காத்து வருது. கரையோரம் தண்ணி மட்டமா இருக்கும். வாய மூடிட்டு இழு."

இழுத்தார்கள். சுட்ட மண் வாசனையும் காய்ந்த வைக்கோல் வாசனையும் முதலில் வந்தன. அடுத்து அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி ஒரு வீச்சு. வெளியே போன படகுகளைத் தெர்ரால் பக்கவாட்டில் பிடித்துக் கடலுக்குள் தள்ளியது. நெத்திலிக்காரி கரையை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய் இரண்டாவதாக வந்து சேர்ந்தாள். முதலிடம் பெத்ரேகலேகோக்காரிகளுக்கு. அவர்களுக்குப் புதுத் துடுப்பு, அதைப் பேசி என்ன பயன்.

மணலில் படகு தட்டியதும் லோரேத்தோதான் முதலில் குதித்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றவள் அப்படியே அசையாமல் நின்றாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். "தெர்ரால்தான். ஜெயிச்சுட்ட அம்பாரோ. துடுப்பு ஒன்னோடதுதான்."

மற்றப் பெண்கள் கத்தப் போனார்கள். அம்பாரோ சுக்கானை விடாமல், படகிலிருந்து இறங்காமல் கை காட்டி நிறுத்தினாள்.

"இது எல் பாலோ தண்ணி. போன எடு."

எலோய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். லோரேத்தோ செருப்புகளைக் கிளறித் தன் கைபேசியை எடுத்தாள். ஈர விரலுக்கு அது திறக்க மாட்டேன் என்றது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். முதலில் தனக்குள் படித்தாள், பிறகு சத்தமாக.

"முப்பத்தொம்போது."

அதற்குப் பிறகு எங்கள் கரையில் என்ன கூத்து நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. துடுப்புக்காரிகள் அவளை உடுப்போடு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தூக்கிப் போட்டார்கள். எலோய் அவனாகவே குதித்தான். அம்பாரோ எழுந்து மூக்கைச் சிந்தியபோதுதான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும், அந்த வேலிப் பக்கம் உட்கார்ந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து அழட்டும்.

கூச்சல் அடங்கி மத்தி சுடுகிற புகை கிளம்பியபோது லோரேத்தோ ஒரு சுட்ட மீனை அவள் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு மாதாவைக் கடலில் இறக்குகிற நேரத்துக்கு என்ன காற்று இருக்கும் என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அம்பாரோவைப் பார்த்தார்கள். போன மாதமாக இருந்திருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்திருக்கும்.

அவள் மீன் முள்ளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினாள்.

"தெரியாது" என்றாள். "காலையில போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எங்க போயி?"

"மாலகாவுக்கு."

லோரேத்தோ, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.